முதல் இருபத்தைந்து இசைத்தட்டுகள்

அத்தியாயம் 3

மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாடல்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, 12 அங்குலத் தட்டு ஒன்றைத் தேடி அலைந்து, அதற்கொரு பிளேயர் வாங்கி, தூசி துடைத்து, அலமாரி செய்து வைப்பது எதற்கு? சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் இந்தக் கேள்விக்குத் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பதில் தெளிவாக இருந்தால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதும் தெளிவாகிவிடும். பதில் இல்லாமல் தொடங்கிய சேகரிப்புகள் ஓரிரு ஆண்டுகளில் பரணுக்குப் போய்விடுகின்றன.

உலகம் முழுக்கவே தட்டுக்கு மறுபடி மவுசு கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 2022-இல் சுமார் 4.1 கோடி வைனல் தட்டுகள் விற்றன; குறுந்தகடுகள் 3.3 கோடி. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. அங்கே கடைக்குப் போனால் புதுத் தட்டு கிடைக்கும். நம் நிலைமை வேறு. 1980களில் ஒலிநாடாவின் கை ஓங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியோடு தமிழ்ப் படப் பாடல்கள் தட்டில் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. ஆகவே தமிழ்ப் பாடல்களைச் சேகரிப்பவர் பெரும்பாலும் பழைய தட்டுகளோடுதான் புழங்க வேண்டும். பழைய தட்டை வாங்கவும் கேட்கவும் காக்கவும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

இருபத்தைந்து என்ற இலக்குக்குக் காரணம் உண்டு. அவ்வளவு தட்டுகளையும் ஒரு மாதத்துக்குள் நிதானமாகக் கேட்டு முடிக்கலாம். ஒவ்வொன்றின் குறையும் நிறையும் மனதில் பதியும். அடுத்த தட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற அறிவு அதிலிருந்துதான் வரும்.

ஏன் தட்டு?

ஒலித்தரத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள வீச்சு குறுந்தகட்டில் ஏறக்குறைய 96 டெசிபல். நல்ல 12 அங்குல எல்.பி. தட்டில் அது 60 முதல் 70 வரைதான். தட்டில் மெல்லிய இரைச்சல் இருக்கும், தூசி படபடக்கும். இவற்றை ஏற்றுக்கொண்டுதான் தட்டுக்கு வர வேண்டும்.

தட்டை விட்டால் வேறெங்கும் கிடைக்காத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, பதிவு. இணையத்தில் ஏறாத கச்சேரிப் பதிவுகள், மேடைப் பேச்சுகள், கதை வசனங்கள், பக்திப் பாடல்கள் ஏராளம். ஏறியவற்றிலும் இரைச்சலை நீக்குகிறோம் என்று தம்புராவின் மினுமினுப்பையும் மிருதங்கத்தின் மீட்டையும் சேர்த்தே மழுங்கடித்த வடிவங்கள் பல உண்டு. படத்தில் இருந்த சரணம் தட்டில் இல்லாமலும், தட்டில் இருந்தது படத்தில் இல்லாமலும் வந்த பாடல்களும் உண்டு. எந்த வடிவம் முதலில் மக்களிடம் போனது என்பதற்குத் தட்டே சாட்சி.

இரண்டாவது, தகவல். உறையின் பின்பக்கத்தில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் இருக்கும். கர்நாடக இசைத் தட்டுகளில் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர் பெயர்கள் இருக்கும். செயலிகளில் இவற்றில் பாதி காணாமல் போகிறது. வயலின் வாசித்தவர் யார் என்று தேடினால் கிடைப்பதில்லை.

மூன்றாவது, கேட்கும் முறை. எல்.பி.யின் ஒரு பக்கம் 20 நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஓடும். நடுவில் தாவ மனம் வராது. வரிசையில் மூன்றாவதாக இருந்ததாலேயே யாரும் கவனிக்காமல் விட்ட பாடல் அப்போதுதான் காதில் விழும்.

மூன்று வேகங்கள், மூன்று காலங்கள்

பழைய தட்டுகளை முதலில் வேகத்தால் பிரித்துப் பழகுங்கள்.

*78 சுற்று.* நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் 10 அங்குலம். அரக்கும் கல்பொடியும் சேர்ந்த கலவையால் ஆனவை. கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பிடிக்கும். இந்தியாவில் வணிகப் பதிவு தொடங்கியது 1902-இல், கல்கத்தாவில். கிராமபோன் கம்பெனிக்காக வந்த ஃபிரெட் கைஸ்பெர்க் அப்போது பதிவு செய்தவர்களில் கௌஹர் ஜான் முக்கியமானவர். அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பின. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. சென்னையில் ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளால் பெயர் பெற்றது.

மூன்று நிமிட எல்லை நம் சங்கீதத்தையே கொஞ்சம் மாற்றியது. விரிவாகப் பாடிப் பழகியவர்கள் ராகத்தின் உருவத்தைச் சில நொடிகளில் காட்டிவிட்டுக் கிருதிக்குள் நுழையக் கற்றார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி பத்து வயதில் பாடிய முதல் தட்டு முதல், கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர், டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வரை ஒரு தலைமுறையின் குரலும் வாத்தியமும் நமக்கு வந்தது 78 சுற்று வழியாகத்தான். மற்ற நாடுகளில் 78 மறைந்த பிறகும் இந்தியாவில் அது தொடர்ந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓடும் பெட்டிகள் இருந்ததால், 1960களில் பீட்டில்ஸ் பாடல்களைக்கூட இங்கே 78 சுற்றில் அச்சிட்டார்கள். இன்று அவற்றை உலகச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

*45 சுற்று.* 1949-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 7 அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பாடல். தமிழ்ப் படப் பாடல்கள் பெருமளவில் இந்த ஈ.பி. தட்டுகளில்தான் வீடுகளுக்கு வந்தன. உறையில் படத்தின் ஸ்டில் இருக்கும். விலையும் இடமும் குறைவு என்பதால் தொடங்குபவருக்கு ஏற்றது.

*33⅓ சுற்று.* கொலம்பியா நிறுவனம் 1948-இல் அறிமுகப்படுத்திய 12 அங்குல எல்.பி. வைனலால் ஆனது. கச்சேரிப் பாணியில் ஒரு ராகத்தை உட்கார்ந்து பாட இதில்தான் இடம் கிடைத்தது. 1963-இல் வந்த எம்.எஸ்.ஸின் ‘வேங்கடேச சுப்ரபாதம்’ எல்.பி. எத்தனையோ வீடுகளின் விடியற்காலையை மாற்றியது. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பாடல்கள் எண்பதுகளில் எக்கோ போன்ற நிறுவனங்களின் எல்.பி.களாக வந்தன. இன்று தமிழ்ச் சேகரிப்பாளர்கள் அதிகம் போட்டி போடுவது அவற்றுக்குத்தான்.

தட்டுக்கு முன்னால் முள்

தட்டு வாங்குமுன் நல்ல பிளேயருக்குப் பணம் ஒதுக்குங்கள். மோசமான முள் ஒரே முறையில்கூடத் தட்டைக் கெடுத்துவிடும். கெட்ட பள்ளத்தைச் சரிசெய்ய வழியே கிடையாது.

எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு தொடர் பள்ளம். அதை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். அதற்குள் வைர முனை ஒன்று ஓடுகிறது. முனை எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்பதே முக்கியம். முள்ளைத் தாங்கும் பாகம் கார்ட்ரிட்ஜ். இன்றைய நல்ல மேக்னெட் கார்ட்ரிட்ஜ்கள் 1.8 முதல் 2 கிராம் வரை அழுத்தும். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்களில் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராமுக்கு மேல் அழுத்தும். எடையை மாற்றவும் முடியாது. பார்க்க அழகாக இருந்தாலும் அதைத் தவிருங்கள். பித்தளைப் புனலும் நாய் படமும் ஒட்டிச் சந்தையில் விற்கும் புதுப் ‘பழைய’ கிராமபோன் பெட்டிகளை அலங்காரத்துக்கு மட்டும் வாங்கலாம். அவற்றில் வைனல் தட்டைப் போட்டால் தட்டு பாழ்.

பிளேயரில் பார்க்க வேண்டியவை:

• கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் (டோன் ஆர்ம்) பின்னால் திருகக்கூடிய எதிர் எடை இருக்க வேண்டும்.
• கார்ட்ரிட்ஜையும் முள்ளையும் தனியே மாற்ற முடிய வேண்டும்.
• 78 கேட்க நினைத்தால் அந்த வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பிளேயர்கள் பலவற்றில் 33⅓, 45 மட்டுமே உண்டு.
• ஃபோனோ ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். சாதாரண ஆக்ஸ் துளையில் நேரே செருகினால் ஒலி மெலிந்து, அடிநாதம் இல்லாமல் கேட்கும். பிளேயர் கெட்டுப்போனது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

எடை வைக்கும் முறை எளிது. பிளேயரைச் சமமான மேசையில் வைத்து, ரசமட்டத்தால் சரிபாருங்கள். கை உள்பக்கமாக இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் திருகியைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள்ளின் உறையைக் கழற்றி, கையை இறக்கும் நெம்புகோலைக் கீழே விட்டு, எதிர் எடையைத் திருகுங்கள். கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் தட்டுக்கு இணையாக மிதக்கும் நிலை வரும்போது எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் நிறுவனம் சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலை. எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைத்து 1 கிராமில் வைப்பது தவறு. முள் பள்ளத்தில் நிலைக்காமல் துள்ளித் துள்ளிச் சுவரை அடிக்கும்.

78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. முள் சுமார் 0.7 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு. 78-க்கு 3 மில் முள் வேண்டும். எல்.பி. முள்ளை அதில் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் வாசிக்கும்.

முனையின் வடிவத்தைப் பொறுத்து முள்ளின் ஆயுள் 300 முதல் 1000 மணி நேரம். தினம் ஒரு எல்.பி. இரண்டு பக்கமும் கேட்டால் இரண்டாண்டில் 500 மணி நேரம் வந்துவிடும். பழைய பிளேயர் வாங்கினால் அதிலிருக்கும் முள்ளை நம்பாமல் புது முள் போட்டுத்தான் முதல் தட்டை வையுங்கள்.

எதைச் சேர்ப்பது?

கிடைத்ததெல்லாம் வாங்கினால் அது குவியல். சேகரிப்புக்கு ஒரு திசை வேண்டும். தமிழ்ச் சூழலில் நன்றாக அமையக்கூடிய திசைகள் சில:

*ஒரு இசையமைப்பாளர்.* விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் 1965-இல் பிரிந்தார்கள். பிரிவதற்கு முந்தைய சில ஆண்டுகளின் ஈ.பி.களை மட்டும் சேர்த்தாலே ஒரு முழுமையான சேகரிப்பு கிடைக்கும். இளையராஜா என்றால் 1976 முதல் 1980 வரை என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் பதிவான பாடல்களுக்காக இன்றும் பேசப்படும் ‘ப்ரியா’ அந்த எல்லைக்குள் வரும்.

*ஒரு கருவி.* நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு 78 முதல் எல்.பி. வரை தேடலாம். ஒரே கருவியின் வாசிப்பு முறை நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று காதாலேயே படிக்கலாம்.

*கதை வசனம்.* ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போன்ற படங்களின் வசனங்கள் தட்டாக வந்து ஊர் ஊராக ஒலித்தன. வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில் ஒரு படத்தை மறுபடி அனுபவிக்க அதுவே வழி. தமிழுக்கே உரிய சேகரிப்பு இது. இன்னும் நியாயமான விலையில் கிடைக்கிறது.

*பக்தி.* சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.சௌந்தரராஜன், சூலமங்கலம் சகோதரிகள். நிறைய அச்சான தட்டுகள் என்பதால் விலைக்கு அவசரப்படாமல் நல்ல நிலையில் இருப்பதற்காகக் காத்திருக்கலாம்.

*இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை.* நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றோரின் பாடல்கள். கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ புலம்பெயர்ந்தோர் வீடுகளிலோ உறவு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

முதல் 25-இல் இருபதை நீங்கள் தேர்ந்த திசையில் வாங்குங்கள். ஐந்தை உங்களுக்குத் தெரியாத இசைக்கு விடுங்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் பெரும்பாலும் அடுத்த திசையைக் காட்டும்.

எங்கே தேடுவது?

சென்னையில் ஒரு காலத்தில் பழைய தட்டுக்குப் பெயர்போன இடம் மூர் மார்க்கெட். 1985-இல் அது தீக்கிரையானது. இன்று பழைய பொருள் கடைகளிலும், தனியாக வீட்டிலிருந்தே விற்பவர்களிடமும், இணையக் குழுக்களிலும் தட்டுகள் புழங்குகின்றன. மும்பை சோர் பஜாரும் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவும் சேகரிப்பாளர்கள் இன்றும் போகும் இடங்கள். வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்க 2000-இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் உதவும். வாங்காவிட்டாலும் ஒரு தட்டின் வெவ்வேறு அச்சுகளை ஒப்பிட அதைப் பார்க்கலாம்.

நம் ஊரில் இன்னொரு முக்கியமான வழி சவுண்ட் சர்வீஸ்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டித் தட்டுப் போட்டவர்கள் அவர்கள். நூற்றுக்கணக்கில் வைத்திருந்தார்கள். பலர் வீட்டில் இன்னும் பெட்டியோடு இருக்கிறது. லேபிளில் கடையின் பெயர் முத்திரை குத்தியிருக்கும். இந்தத் தட்டுகளில் அபூர்வமானவை கிடைக்கும். ஆனால் கனமான முள்ளில் நூற்றுக்கணக்கான முறை ஓடித் தேய்ந்திருக்கும். அதனால் போட்டுக் கேட்காமல் வாங்காதீர்கள். “அண்ணே, ஒரு பக்கம் மட்டும் போட்டுக் காட்டுங்க” என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. எந்த விசேஷத்தில் எந்தப் பாட்டை முதலில் போடுவார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். கிடைக்கும் விவரங்களைத் தட்டோடு சேர்த்து எழுதி வையுங்கள். எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை.

வீடுகளில் வாங்கும்போது பேரம் நிதானமாக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டு அது. “இதை யார் வாங்கினதுங்க ஐயா?” என்று விசாரித்துவிட்டு விலைக்கு வாருங்கள். நியாயமாக நடந்துகொள்பவரைத் தேடி அடுத்த வீட்டிலிருந்தும் அழைப்பு வரும்.

வெளிச்சத்தில் ஒரு தட்டு

வாங்குமுன் தட்டைப் பரிசோதிக்கும் முறை இது. எங்கே வாங்கினாலும் இதை விடாதீர்கள்.

உறையின் வாயைச் சற்றே விரித்து, தட்டை உள்ளங்கையில் இறங்கவிட்டு, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு வெளியே எடுங்கள். விரல் பள்ளத்தில் படக்கூடாது. வெயிலிலோ ஒற்றை பல்பின் அடியிலோ தட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். டியூப்லைட் பரவலான வெளிச்சம் தருவதால் குறைகள் மறைந்துவிடும்.

முடி போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை உறையில் உரசியவை, பெரும்பாலும் கேட்காது. வெள்ளையாக ஒரு கோடு பள்ளங்களைக் குறுக்கே வெட்டினால் நகத்தின் பின்புறத்தால் மிக மெதுவாகத் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். முள் ஒரே இடத்தில் சுற்றவும் கூடும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த பட்டைகள் தெரிந்தால் அது தேய்மானம். குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் அது கரகரப்பாகக் கேட்கும். கீறலைவிடத் தேய்மானமே பெரிய குறை, ஏனென்றால் அது பாட்டின் முழு நீளத்துக்கும் தொடரும்.

அடுத்து நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். தண்டைத் தேடித் தட்டை அலைத்ததில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். அவை எவ்வளவு அதிகமோ அவ்வளவு முறை தட்டு ஓடியிருக்கிறது. பிறகு தட்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பு அலையடித்தால் வெப்பத்தில் வளைந்தது.

போட்டுக் கேட்க வாய்ப்பிருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலை முதலில் கேளுங்கள். எல்.பி.யின் வெளி விளிம்பில் பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கிறது. லேபிளருகே அது 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே போகப் போக அதே ஒலி குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். கடைசிப் பாடலில் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் சுத்தமாக வந்தால் மீதிப் பாடல்களை நம்பி வாங்கலாம்.

லேபிளில் பட்டியல் எண்ணையும் பாருங்கள். கிராமபோன் கம்பெனியின் எல்.பி.களில் ஈசிஎல்பி என்று தொடங்கினால் மோனோ, ஈசிஎஸ்டி என்று தொடங்கினால் ஸ்டீரியோ. தட்டும் உறையும் ஒரே எண்ணா என்று சரிபாருங்கள். வேறு தட்டை உறையில் போட்டு வைத்திருப்பது சகஜம்.

நிலையைக் குறிக்க விற்பனையாளர்கள் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று படிநிலை சொல்வார்கள். ‘குட்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வரிசையில் அது இரைச்சலும் கீறலும் நிறைந்த தட்டு. கேட்பதற்காக வாங்குபவருக்கு வெரி குட் பிளஸ் போதும்.

புதிதாக 180 கிராம் எடையில் வரும் மறுபதிப்புகளுக்குப் பணம் கொடுக்குமுன் எந்த மூலத்திலிருந்து அச்சிட்டார்கள் என்று கேளுங்கள். மூல ஒலிநாடாவிலிருந்து என்றால் வாங்கலாம். குறுந்தகட்டிலிருந்தோ இணையக் கோப்பிலிருந்தோ எடுத்ததென்றால் உங்கள் கைப்பேசியில் இருப்பதையே தட்டில் வாங்குகிறீர்கள்.

கழுவுதல்

ஒவ்வொரு முறை கேட்குமுன்னும் கார்பன் இழைத் தூரிகையைச் சுழலும் தட்டின் மேல் சில சுற்று பிடித்து, வெளிப்பக்கமாக எடுங்கள். பழைய தட்டு வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை ஈரமாகக் கழுவ வேண்டும்.

வைனலுக்கு: பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், அதில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு. லேபிளில் நீர் படாமல் மென்மையான துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, பாத்திரத் தாங்கியில் நிமிர்த்தி நிழலில் காயவிடுங்கள். குழாய் நீரும் போர் தண்ணீரும் வேண்டாம். உப்பு பள்ளத்தில் படிந்துவிடும்.

பூஞ்சை பிடித்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்த நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து துடைக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சை ஏறிய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

78 தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். துடைத்த இடத்தில் பாட்டே அழிந்துபோகும். நீரும் சொட்டுத் திரவமும் போதும், அதையும் ஊறவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

அடுக்குதல்

தட்டுகளை எப்போதும் நிமிர்த்தி, செங்குத்தாக வையுங்கள். சாய்த்து வைத்தால் மாதக் கணக்கில் வளையும். படுக்கையாக அடுக்கினால் அடியிலிருப்பதன் மேல் மொத்த எடையும் இறங்கும். உறையோடு நூறு எல்.பி.கள் ஏறக்குறைய 25 கிலோ வரும் என்பதைத் தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் தட்பவெப்பத்துக்குத் தனி எச்சரிக்கைகள் உண்டு. சித்திரை வெயிலில் மூடிய காரில் தட்டை விட்டுப் போனால் அது வளைந்துவிடும். மேற்குச் சுவரில் அலமாரி வேண்டாம். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை வரும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் காற்றாட விடுங்கள். கரையானுக்கு உறையின் அட்டை பிடித்தமானது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பழைய காகித உள்ளுறைக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் உள்ளுறை போடுங்கள். அச்சடித்த பழைய உள்ளுறை இருந்தால் அதையும் எறியாமல் வெளியுறைக்குள் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடும் பிரதியும்

முதல் தட்டிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: பாடல் அல்லது படத்தின் பெயர், பாடியவர், நிறுவனம், பட்டியல் எண், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பொறித்திருக்கும் எண், நிலை, வாங்கிய இடம், விலை, யாருடைய தட்டு. ஆண்டு தெரியாதபோது பழைய பாட்டுப் புத்தகங்கள் கைகொடுக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மும்பையிலிருந்து 1990 முதல் இயங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழ்களும், வி.ஏ.கே.ரங்காராவ் போன்ற பெரும் சேகரிப்பாளர்களின் கட்டுரைகளும் எப்படிக் குறிப்பெடுப்பது என்பதற்கு நல்ல பாடம்.

அபூர்வமான தட்டைக் கழுவியதும் ஒருமுறை கணினியில் பதிந்துவிடுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஃபிளாக் கோப்பாக, இரைச்சலை நீக்காமல் அப்படியே சேமியுங்கள். நீக்க வேண்டுமானால் ஒரு பிரதியில் நீக்கிக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிகளுக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு. அது படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

நினைவில் கொள்ள

• முதலில் முள், பிறகு பிளேயர், கடைசியில் தட்டு. செலவு இந்த வரிசையில் போகட்டும்.
• அபூர்வம் என்பதற்காகத் தேய்ந்ததை வாங்காதீர்கள். கேட்க முடியாத தட்டு சேகரிப்பில் சேராது.
• கடைசிப் பாடலைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.
• அரக்குத் தட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் பகை.
• புதிதாக ஒன்று வாங்குமுன் இருப்பதில் ஒன்றை முழுவதும் கேளுங்கள்.

எத்தனை தட்டு வைத்திருக்கிறீர்கள் என்பது பெருமைக்கு உதவலாம். எத்தனை தட்டு உங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறது என்பதே சேகரிப்பின் மதிப்பு. இன்னொரு கடமையும் உண்டு. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் தட்டுகள் பழைய இரும்போடும் பேப்பரோடும் எடைக்குப் போகின்றன. அவற்றில் சில, அந்தப் பாட்டின் எஞ்சியிருக்கும் கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம். உங்கள் சொந்தபந்தங்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: தட்டு இருந்தால் எடைக்குப் போடுமுன் உங்களைக் கூப்பிடட்டும்.